மிச்சம் எத்தனை?

வங்கித் தேர்வுக்கும் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கும் படிப்பவர்களில் பலர், இருக்கை அமைப்புக் கணக்கைக் கண்டதும் ஐந்து கட்டம் போட்டு, முதல் துப்பில் வரும் பெயரை ஏதோ ஒரு கட்டத்தில் எழுதிவிடுகிறார்கள். அது ஊகம். மூன்றாவது துப்பு அந்த ஊகத்தோடு மோதியதும் அழிக்கிறார்கள், வேறு கட்டத்தில் எழுதுகிறார்கள், மறுபடி மோதுகிறது. சில சமயம் விடை வந்தும்விடுகிறது. ஆனால் அது ஒன்றுதான் விடையா, இன்னொன்றும் இருக்கிறதா என்று கேட்டால் அவர்களால் சொல்ல முடியாது.

பெயரை எழுதும் முன் எண்ணிப் பார்ப்பதுதான் இந்த அத்தியாயம் கற்றுத்தரும் முறை. நிபந்தனையே இல்லையென்றால் மொத்தம் எத்தனை வாய்ப்பு? இந்தத் துப்பை ஏற்ற பிறகு மிச்சம் எத்தனை? அடுத்ததற்குப் பிறகு எத்தனை? மிச்சம் 1 ஆனால் விடை கிடைத்துவிட்டது. 0 ஆனால் எங்கோ பிழை. 2-இல் நின்றுவிட்டால் ஏதோ ஒரு துப்பை இன்னும் முழுதாகப் பயன்படுத்தவில்லை. துப்பு எவ்வளவு நீளமாக எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கும் அதன் பலத்துக்கும் தொடர்பில்லை. எத்தனை வாய்ப்புகளை அது நீக்குகிறதோ அதுதான் அதன் பலம்.

ஐந்து நாற்காலி

கயல், மாறன், நிலா, பாரி, செல்வி ஐவரும் ஒரே வரிசையில் 1 முதல் 5 வரை எண்ணிட்ட நாற்காலிகளில் அமர்கிறார்கள். நமக்குத் தெரிந்தவை இவை. செல்வியின் நாற்காலி எண்ணைவிடக் கயலின் எண் சிறியது. மாறன் வரிசையின் ஓரத்தில் இல்லை. நிலாவும் பாரியும் அடுத்தடுத்து இருக்கிறார்கள். செல்விக்கும் மாறனுக்கும் நடுவே சரியாக ஒருவர் இருக்கிறார். நிலா ஓரத்தில் இல்லை.

நிபந்தனை இல்லாவிட்டால் 5×4×3×2×1 = 120 வரிசைகள். இப்போது ஒவ்வொரு துப்பையும் தனித்தனியாக எடை போடுவோம்.

கயல், செல்வி துப்பு சரிபாதியை விட்டுவைக்கிறது: 60. இருவரையும் இடம் மாற்றினால் சரியான வரிசை ஒவ்வொன்றும் தவறாகும், தவறானது ஒவ்வொன்றும் சரியாகும் என்பதால் இதை எண்ணாமலே சொல்லலாம். மாறன் ஓரத்தில் இல்லை என்றால் அவருக்கு 3 இடம், மற்ற நால்வருக்கு 24 விதம், 72. நிலா துப்பும் அதேபோல் 72. நிலாவும் பாரியும் அடுத்தடுத்து என்றால் இருவரையும் ஒரே ஆளாக எண்ணி 24, அவர்களுக்குள் இடம் மாறலாம் என்பதால் இரு மடங்கு, 48. செல்விக்கும் மாறனுக்கும் நடுவே ஒருவர் என்றால் அவர்கள் அமரக்கூடிய நாற்காலி இணைகள் 1-3, 2-4, 3-5 மட்டுமே. இணை ஒவ்வொன்றிலும் இரண்டு விதம், மற்ற மூவருக்கு 6 விதம், 36.

ஆக நான்காவதாகச் சொல்லப்பட்ட துப்புதான் மிகக் கூர்மையானது. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். முதலில் சொல்லப்பட்டது பாதியைத்தான் நீக்குகிறது. படம் போடுவதற்கும் எதையும் தருவதில்லை. கணக்கு எழுதுபவர்கள் கூரான துப்பை நடுவிலோ கடைசியிலோ வைப்பது வழக்கம். துப்புகளின் வரிசைக்கு நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை.

36-இல் நிற்கிறோம். மாறன் ஓரத்தில் இல்லை என்பதைச் சேர்த்தால் (மாறன், செல்வி) இருவரின் இடங்கள் (2,4), (4,2), (3,1), (3,5) என நான்கே. மற்ற மூவருக்கு 6 விதம் என்பதால் மிச்சம் 24. அடுத்து நிலாவும் பாரியும். முதல் இரண்டு அமைப்புகளில் காலியாக இருப்பவை 1, 3, 5. அடுத்தடுத்த நாற்காலிகளே இல்லை. இரண்டும் ஒரே வீச்சில் போயின. (3,1) அமைப்பில் 4, 5 அவர்களுக்கு, 2 கயலுக்கு. (3,5) அமைப்பில் 1, 2 அவர்களுக்கு, 4 கயலுக்கு. அமைப்புக்கு 2 விதம், மிச்சம் 4. செல்வி 1-இல் இருந்தால் கயல் அதைவிடச் சிறிய எண்ணில் இருக்க முடியாது; மிச்சம் 2. நிலா ஓரத்தில் இல்லை, மிச்சம் 1. பாரி, நிலா, மாறன், கயல், செல்வி.

120, 36, 24, 4, 2, 1. இந்த வரிசையைத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டே வரச் சொல்வேன். எங்காவது இடறினால் எந்தப் படியில் இடறினோம் என்பதை அது காட்டிவிடும்.

விடை வந்த பிறகு அரை நிமிடச் சோதனை ஒன்று உண்டு. துப்பு ஒன்றை மறைத்துவிட்டு, விடை இன்னும் தனியாக நிற்கிறதா என்று பாருங்கள். மாறன் ஓரத்தில் இல்லை என்பதை மறைத்தால் மாறன், கயல், செல்வி, நிலா, பாரி என்ற வரிசையும் மற்ற நான்கு துப்புகளுக்கும் பொருந்தி நிற்கிறது. அந்தத் துப்பு அவசியம்தான். நன்றாக அமைக்கப்பட்ட கணக்கில் வீண் துப்பு அரிது. ஒரு துப்பைத் தொடாமலே விடை வந்துவிட்டதென்றால் விடையைச் சந்தேகியுங்கள்.

வட்ட மேசைக் கணக்கில் மட்டும் தொடக்க எண் மாறும். எல்லோரும் ஒரே திசையில் ஓரிடம் நகர்ந்தால் யார் பக்கத்தில் யார் என்பது மாறாது. அதனால் ஒருவரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு மற்றவர்களை மட்டும் எண்ணுகிறோம்: ஐவருக்கு 24, அறுவருக்கு 120.

2,488 கோடியிலிருந்து

'லைஃப் இன்டர்நேஷனல்' இதழ் 1962 டிசம்பர் 17 அன்று வெளியிட்ட வரிக்குதிரைப் புதிர்தான் இந்த வகையில் மிகப் புகழ்பெற்றது. ஐன்ஸ்டைன் இயற்றியது என்று பரவியிருக்கும் கதைக்கு ஆதாரம் கிடையாது. வரிசையாக ஐந்து வீடுகள். வீட்டுக்கு ஒரு நிறம், ஒரு நாட்டவர், ஒரு பானம், ஒரு சிகரெட், ஒரு வளர்ப்பு விலங்கு. தண்ணீர் குடிப்பவர் யார், வரிக்குதிரை யாருடையது என்பவை கேள்விகள்.

நிறங்களுக்கு 120 விதம், நாட்டவருக்கு 120, பானத்துக்கு 120, இப்படி ஐந்து முறை பெருக்கினால் 24,88,32,00,000. அதாவது 2,488 கோடியே 32 லட்சம் வாய்ப்புகள். இந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. நிறத்தை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு, அந்த 120 எப்படிச் சுருங்குகிறது என்று பாருங்கள்.

நார்வேக்காரர் முதல் வீட்டில் இருக்கிறார். அவருக்குப் பக்கத்து வீடு நீலம். முதல் வீட்டுக்குப் பக்கத்து வீடு ஒன்றே ஒன்று. எனவே இரண்டாம் வீடு நீலம், மிச்சம் 24. தந்த நிற வீட்டுக்கு உடனடி வலப்புறம் பச்சை வீடு. இந்த ஜோடிக்கு 3-4 அல்லது 4-5 மட்டுமே இடம். சிவப்பும் மஞ்சளும் எஞ்சிய இரண்டில் மாறி மாறி அமரலாம். மிச்சம் 4. சிவப்பு வீட்டில் ஆங்கிலேயர் இருக்கிறார். முதல் வீட்டிலோ நார்வேக்காரர். ஆக முதல் வீடு சிவப்பில்லை, மஞ்சள். மிச்சம் 2: மஞ்சள், நீலம், தந்தம், பச்சை, சிவப்பு, அல்லது மஞ்சள், நீலம், சிவப்பு, தந்தம், பச்சை.

இந்த இடத்தில் ஊகித்து ஒன்றைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். தாளை இரண்டாகப் பிரித்து இரண்டையும் பக்கம் பக்கமாக நடத்துங்கள். முதல் அமைப்பைப் புதிரின் மற்றத் துப்புகளோடு இறுதிவரை கொண்டுபோனால் ஸ்பெயின்காரர் ஓல்டு கோல்டு சிகரெட் பிடிப்பவராகிவிடுவார். ஓல்டு கோல்டு பிடிப்பவர் வளர்ப்பது நத்தை. ஸ்பெயின்காரர் வளர்ப்பதோ நாய் என்று வேறு துப்பு சொல்கிறது. ஒருவருக்கு ஒரு விலங்குதான் என்பதால் அந்த அமைப்பு அங்கேயே முறிகிறது. இரண்டாவது அமைப்பு முறியாமல் ஓடி முடிகிறது. தண்ணீர் குடிப்பவர் நார்வேக்காரர், வரிக்குதிரை ஜப்பானியருடையது.

இரண்டு கிளைகளைச் சேர்த்து நடத்துவது மெதுவான வேலை போலத் தோன்றும். ஊகித்து, அழித்து, எங்கே பிரிந்தோம் என்பதையே மறந்து நிற்பதைவிட அது எவ்வளவோ விரைவு. மிச்சம் 2 அல்லது 3 என்று உறுதியாகத் தெரிந்த பிறகே இப்படிப் பிரியுங்கள். 24-இல் பிரியாதீர்கள்.

'எனக்குத் தெரியாது' என்பதும் துப்பு

சில புதிர்களில் தகவலே இல்லாதது போன்ற வாக்கியங்கள் வரும். அவற்றில்தான் எண்ணும் முறை முழு பலத்தையும் காட்டும்.

மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் ஒரு வீட்டம்மாவிடம் மூன்று பெண்குழந்தைகளின் வயதைக் கேட்கிறார். மூன்று வயதையும் பெருக்கினால் 36, கூட்டினால் எதிர் வீட்டுக் கதவு எண் என்கிறார் அந்த அம்மா. வந்தவர் எதிர் வீட்டுக் கதவைப் பார்த்துவிட்டு, 'இது போதவில்லையே அம்மா' என்கிறார். 'மூத்தவள் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள்' என்கிறார் அந்த அம்மா. உடனே அவர் வயதுகளை எழுதிக்கொண்டு போய்விடுகிறார்.

கதவு எண் நமக்குச் சொல்லப்படவில்லை. ஆனாலும் எண்ணலாம். பெருக்கினால் 36 வரும் மூன்று முழு எண்கள் எட்டு விதம்: 1-1-36, 1-2-18, 1-3-12, 1-4-9, 1-6-6, 2-2-9, 2-3-6, 3-3-4. அவற்றின் கூட்டுத்தொகைகள் முறையே 38, 21, 16, 14, 13, 13, 11, 10. கதவு எண் 21 ஆகவோ 16 ஆகவோ இருந்திருந்தால் அவருக்கு அப்போதே விடை தெரிந்திருக்கும். போதவில்லை என்று அவர் சொன்னதே கதவு எண் 13 என்பதை நமக்குச் சொல்லிவிடுகிறது. மிச்சம் 8-இலிருந்து 2. 1-6-6-இல் மூத்தவள் என்று தனித்து ஒருத்தி இல்லை. ஆக 2, 2, 9. பள்ளிக்கூடத்துக்கும் விடைக்கும் சம்பந்தமே இல்லை. 'மூத்தவள்' என்று ஒருத்தியைச் சொன்னது ஒன்றுதான் துப்பு. (ஓராண்டுக்குள் பிறந்த அக்கா தங்கை இருவருக்கும் சில மாதங்கள் ஒரே வயது எண் வரலாமே என்று கேட்பவர் உண்டு. நல்ல கேள்வி. புதிரில் வயது முழு ஆண்டுகளில் மட்டுமே எண்ணப்படுகிறது என்று கொள்ள வேண்டும்.)

இதே வகையில் உலகம் முழுவதும் பேசப்பட்டது செரிலின் பிறந்தநாள். 2015 ஏப்ரலில் சிங்கப்பூரில் பள்ளி மாணவர்களுக்கான கணித ஒலிம்பியாட் போட்டியில் வந்த கேள்வி. அங்குள்ள தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஒருவர் ஃபேஸ்புக்கில் பகிர, சில நாட்களில் பல நாடுகளிலும் பரவியது. பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கான கேள்வி என்று முதலில் பரவி, பெற்றோர் பலரைத் திடுக்கிட வைத்தது. உண்மையில் அது உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்தது.

செரில் தரும் தேதிகள் பத்து: மே 15, 16, 19, ஜூன் 17, 18, ஜூலை 14, 16, ஆகஸ்ட் 14, 15, 17. மாதத்தை ஆல்பர்ட்டிடம் மட்டும், தேதி எண்ணைப் பெர்னார்டிடம் மட்டும் தனியே சொல்கிறாள். தனக்குப் பிறந்தநாள் தெரியவில்லை என்றும், பெர்னார்டுக்கும் தெரியாது என்பது தனக்குத் தெரியும் என்றும் ஆல்பர்ட் சொல்கிறான். முதலில் தெரியவில்லை, இப்போது தெரிந்துவிட்டது என்கிறான் பெர்னார்ட். அப்படியானால் எனக்கும் தெரியும் என்கிறான் ஆல்பர்ட்.

பத்து தேதிகளில் 18-உம் 19-உம் ஒவ்வொரு முறைதான் வருகின்றன. பெர்னார்டிடம் சொன்ன எண் இவற்றில் ஒன்றாக இருந்தால் அவனுக்கு உடனே தெரிந்திருக்கும். அப்படி இருக்கவே முடியாது என்று ஆல்பர்ட் அடித்துச் சொல்கிறான்; அவன் கையில் இருப்பதோ மாதம் மட்டும். எனவே அவனுடைய மாதத்தில் 18-உம் இல்லை, 19-உம் இல்லை. மே முழுவதும் போயிற்று, ஜூன் முழுவதும் போயிற்று. மிச்சம் 5: ஜூலை 14, 16, ஆகஸ்ட் 14, 15, 17. இதைக் கேட்டதும் பெர்னார்டுக்குத் தெரிந்துவிட்டது என்றால் அவன் எண் 14 இல்லை. மிச்சம் 3: ஜூலை 16, ஆகஸ்ட் 15, ஆகஸ்ட் 17. அதைக் கேட்டு ஆல்பர்ட்டுக்கும் தெரிந்துவிட்டது என்றால் மாதம் ஆகஸ்ட் இல்லை. ஜூலை 16.

அந்த நாட்களில் ஆகஸ்ட் 17 என்று வாதாடியவர்கள் ஏராளம். அவர்கள் எங்கே பிரிந்தார்கள் என்பதைப் பார்ப்பது விடையைவிடப் பயனுள்ளது. பெர்னார்டுக்குத் தெரியாது என்பதை ஆல்பர்ட்டுக்கு யாரோ சொன்ன செய்தியாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அப்படி எடுத்தால் 18, 19 என்ற இரண்டு தேதிகள் மட்டும் நீங்கும். மே 15-உம் 16-உம் உயிரோடு இருக்கும். ஜூனில் 17 மட்டும் எஞ்சுவதால், ஆல்பர்ட்டிடம் சொன்ன மாதம் ஜூனாக இருந்தால் அவனுக்கு விடை தெரிந்திருக்கும். தெரியவில்லை என்கிறான், எனவே ஜூன் போகும். பிறகு ஒரே முறை வரும் எண் 17, ஆகஸ்டில். கணக்கில் பிழையில்லை. ஆனால் கதையில் ஆல்பர்ட்டுக்கு அப்படி யாரும் செய்தி சொல்லவில்லை. கையில் உள்ள மாதத்தை வைத்து அவனே எட்டிய முடிவு அது. முதல் படியில் 2 நீங்குகிறதா 5 நீங்குகிறதா என்பதில்தான் முழு வேறுபாடும் இருக்கிறது.

இந்த வகைப் புதிர்களில் ஒரு வாக்கியத்தைப் படித்ததும் கேட்க வேண்டியது: இதைச் சொன்னவர் கையில் அப்போது என்ன இருந்தது? எந்தெந்த வாய்ப்புகளில் அவரால் இதைச் சொல்லியிருக்கவே முடியாது? அவற்றை அடித்துவிடுங்கள். பேசப்பட்ட வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். நாற்காலிக் கணக்கில் துப்புகளை எந்த வரிசையிலும் எடுக்கலாம் என்றேன். இங்கே அது செல்லாது. ஒருவர் பேசியதைக் கேட்ட பிறகே அடுத்தவர் பேசுகிறார்.

துப்பை நாமே தேர்ந்தெடுக்கும்போது

பன்னிரண்டு நாணயங்கள். ஒன்று போலி, அதன் எடை கூடுதலா குறைவா என்று தெரியாது. இரு தட்டுத் தராசை மூன்றே முறை பயன்படுத்திப் போலியையும் அது கனமானதா லேசானதா என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும். ஃப்ரீமன் டைசன் என்ற இயற்பியலாளர் 1946-இல் இந்தப் புதிரைப் பொதுமைப்படுத்திக் கட்டுரை எழுதியிருக்கிறார்.

இங்கே துப்பு யாரும் தருவதில்லை. எதை எதோடு நிறுப்பது என்று நாம் முடிவு செய்கிறோம். எண்ணிக்கை அந்த முடிவையே எடுத்துத் தரும். போலி நாணயம் 12-இல் எதுவாகவும் இருக்கலாம், ஒவ்வொன்றும் கனமாகவோ லேசாகவோ இருக்கலாம்: 24 வாய்ப்பு. ஒரு முறை நிறுத்தால் இடம் தாழும், வலம் தாழும் அல்லது சமமாகும்: 3 விளைவு. மூன்று முறைக்கு 27. 24-ஐ 27-க்குள் அடக்கலாம், முயன்று பார்க்கலாம்.

முதல் முறை நிறுத்த பிறகு இரண்டு முறை மட்டுமே எஞ்சும். அவை 9 வாய்ப்புகளுக்கு மேல் பிரிக்காது. ஆறுக்கு ஆறு நிறுத்தால் எந்தப் பக்கம் தாழ்ந்தாலும் மிச்சம் 12. மூன்றுக்கு மூன்று நிறுத்துச் சமமானால் வெளியே உள்ள 6 நாணயங்கள், மிச்சம் 12. இரண்டுமே 9-ஐத் தாண்டிவிட்டன. நான்குக்கு நான்கு நிறுத்தால் மூன்று விளைவுகளிலும் மிச்சம் 8. ஐந்துக்கு ஐந்தும், இரண்டுக்கு இரண்டும், ஒன்றுக்கு ஒன்றும் இதேபோல் தோற்கும், எண்ணிப் பாருங்கள். ஒரு நாணயத்தையும் தொடாமல், முதல் நகர்வு இது ஒன்றுதான் என்று நிறுவிவிட்டோம். எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த இடம் இது.

எண்ணிக்கை அடங்குகிறது என்பதாலேயே தீர்வு உண்டு என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. பதின்மூன்று நாணயங்களுக்கு 26 வாய்ப்பு. 27-க்குள் அடங்கத்தான் செய்கிறது. ஆனால் நான்குக்கு நான்கு நிறுத்துச் சமமானால் வெளியே 5 நாணயம், மிச்சம் 10. ஐந்துக்கு ஐந்து நிறுத்துத் தாழ்ந்தால் மிச்சம் 10. எப்படிப் பார்த்தாலும் எங்கோ ஓரிடத்தில் 9-ஐத் தாண்டுகிறது. போலியோடு அதன் கனத்தையும் சொல்ல வேண்டும் என்றால் 13 நாணயங்களுக்கு மூன்று முறை போதாது.

ஒருவர் மறைத்துவைத்த நிற வரிசையை மற்றவர் ஊகித்துக் கண்டுபிடிக்கும் மாஸ்டர்மைண்ட் விளையாட்டையும் இதே வழியில் டொனால்ட் குனுத் என்ற கணினி அறிவியலாளர் 1977-இல் ஆராய்ந்தார். ஆறு நிறங்கள், நான்கு குழிகள், 1,296 ரகசியங்கள். ஒவ்வொரு முறையும் மிக மோசமான பதில் வந்தாலும் எந்த ஊகத்தில் மிச்சம் மிகக் குறைவாக இருக்குமோ அந்த ஊகத்தைச் சொல்லிக்கொண்டே போனால், எந்த ரகசியத்தையும் அதிகபட்சம் ஐந்து ஊகங்களில் பிடித்துவிடலாம் என்று காட்டினார்.

பயிற்சி

மூன்று இலக்க எண் ஒன்று. அதன் இலக்கங்கள் மூன்றும் வெவ்வேறு. நடு இலக்கம் மற்ற இரண்டின் கூட்டுத்தொகை. எண் 5-ஆல் மீதியின்றி வகுபடும். நடு இலக்கம் ஒற்றைப்படை. மூன்று இலக்கங்களையும் கூட்டினால் 15-க்குக் குறைவு.

5-ஆல் வகுபடும் என்பதில் தொடங்கத்தான் கை போகும். அதற்கு முன் எடை போடுங்கள்: இலக்கங்கள் வெவ்வேறான எண்களில் 5-ஆல் வகுபடுபவை 136, நடு இலக்கம் கூட்டுத்தொகையாக வருபவை 32. கூரான துப்பிலிருந்து தொடங்கினால் உங்கள் தாளின் ஓரத்தில் வர வேண்டிய எண்கள் 900, 648, 32, 4, 2, 1. உங்கள் எண் எங்காவது இதிலிருந்து விலகினால் அந்தப் படிக்கு மட்டும் திரும்பிப் போய், சுழியம் எந்த இடத்தில் வரலாம், எந்த இடத்தில் வரக்கூடாது என்பதை மறுபடி பாருங்கள்.